மீன்கொத்தியின் மேல் ஒரு டீக் கறை

என் அருமை அம்மாவுக்கு,

நீ போய் இத்தனை வருஷம் கழித்து ஒரு சேதி சொல்ல வேண்டியிருக்கிறது. என் பறவைப் படங்களை விலைக்குக் கேட்கிறார்கள் அம்மா. சிரிக்காதே, நிஜமாகத்தான்.

அறுபதுகளில் நெய்வேலி குவார்ட்டர்ஸில் நான் சேர்த்த அதே அட்டைகள். அப்பாவுக்கென்று வாங்கும் டீத்தூளில் பொட்டலத்துக்கு ஒன்றாக வருமே, மொத்தம் இருபத்துநான்கு பறவை. எங்கள் பிளாக் பிள்ளைகளிடம் ஒரு மீன்கொத்திக்கு ஏழு மைனா என்று பேச்சு. ஏழு கொடுத்தாலும் மீன்கொத்தியைத் தருவாரில்லை. என்னிடம் அது ஒன்றுதான் இல்லை.

இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதேன். மைன்ஸிலிருந்து ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, "இனிமே படம்னு பேச்சு வந்துச்சு, அத்தனையும் அடுப்புல போட்டுடுவேன்" என்றார். சொன்னால் செய்கிற மனுஷர்.

மறுநாளே நீ மந்தாரக்குப்பம் டீக்கடைக்குப் போனாய். அந்தக் காலத்தில் எந்தப் பெண் டீக்கடையில் நின்றாள்? டீ வாசனையே ஆகாத உனக்கு, காலையில் காபி இல்லாவிட்டால் மண்டையிடி. ஆனாலும் ஷிப்ட் விட்டு வந்த ஆண்களுக்கு நடுவே, கடைக்காரர் புதுப் பொட்டலம் பிரிக்கும்வரை நின்றாய். சும்மா நிற்க முடியாதென்று டீ வாங்கிக் குடித்தாய். நாலாம் நாள்தான் மீன்கொத்தி வந்ததாம். காற்றில் பறந்துவிடாமல் கிளாஸை அதன்மேல் வைத்தாயாம். அந்த வட்டக் கறை இன்னும் இருக்கிறது.

இதெல்லாம் பிறகு நீ என் காதோடு சொன்னது. அன்று சாயங்காலம் நடந்ததை மட்டும் கதவுக்குப் பின்னாலிருந்து நானே கேட்டேன். யாரோ அப்பாவிடம் வத்தி வைத்துவிட்டார்கள்.

"டீக்கடையில உனக்கு என்ன வேலை?"

படத்துக்காக என்று சொன்னால் என் டப்பா அடுப்புக்குப் போயிருக்கும். நீ கொஞ்சங்கூடத் தயங்கவில்லை.

"எனக்கு டீன்னா ஆசைங்க. நாக்கு கேக்குது. போய் நின்னுகினு குடிச்சேன்."

அப்பா வெகுநேரம் உன்னையே பார்த்தார். அப்புறம், "வூட்டுலயே போட்டுக் குடி" என்று மட்டும் சொன்னார்.

அன்றோடு நம் வீட்டில் காபித்தூள் வாங்குவது நின்றது. அக்கம்பக்கத்து வீடுகளிலும் நீ போனால் ஆசையாக டீதான் கொடுத்தார்கள். டீப் பைத்தியம் என்று கேலி வேறு. கடைசிவரை முகம் சுளிக்காமல் குடித்தாயே, எப்படியம்மா முடிந்தது? அப்பாவுக்கு உண்மை தெரிந்திருக்குமா?

போன வாரம் பழைய அட்டைகள் வாங்கும் வியாபாரி ஒருவர் வந்து பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூலை மடங்கவில்லை, சாயம் போகவில்லை என்று மெச்சினார். மீன்கொத்தியை எடுத்ததும், "இந்தக் கறை கெடுத்துடுச்சிங்க" என்றார். தன்னிடம் சுத்தமான மீன்கொத்தி இருக்கிறதாம். இதற்குப் பதில் அதைச் சேர்த்தால் முழு செட்டுக்கும் நல்ல விலை தருவாராம். இருபத்துமூன்றையும் கொடுத்துவிட்டேன். கறை பட்டதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். செல்லாத அட்டையை எதற்கு வைத்துக்கொள்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. உனக்கு நான் கடமைப்பட்டவள் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. வருஷா வருஷம் உன் படையலில் டீதான் வைக்கிறோம். தம்பி பெண்டாட்டி, அத்தைக்குப் பிடிக்குமென்று இஞ்சி தட்டிப் போட்டு வைக்கிறாள். முதலில் அப்பாவுக்குப் பயந்து வாயை மூடியிருந்தேன். அப்பா போன பிறகும் அது பழக்கமாகிவிட்டது.

இந்த வருஷம் உன் படத்துக்குப் பக்கத்தில் மீன்கொத்தியை வைத்து, எல்லாரையும் உட்காரவைத்து நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், சத்தியம். பிறகு என் கையாலேயே காபி போட்டு, ஆவி பறக்க உன் முன்னால் வைக்கிறேன். ஆற விடாமல் குடி அம்மா.

உன் காபியைப் பறித்துக்கொண்ட மகள்,
செல்வி