பின்சீட்டுக்குப் பின்னால் ஒரு பெட்டி

மார்ச் 3, செவ்வாய்

காலையில் இரண்டு அடுப்பு. ஒன்றில் பால் பொங்கி வழிந்து பர்னர் துளை முழுக்கக் காய்ந்து கிடந்தது. ஊசியால் குத்திக் குத்தி எடுப்பதற்குள் கண் பூத்துவிட்டது. மற்றதற்கு வால்வு மாற்ற வேண்டும். வால்வு என் வீட்டில். போய் எடுத்து வந்தேன். கருவிப் பையை டேங்க்மேல் வைத்து வயிற்றால் அணைத்துக்கொண்டு ஓட்டும் வயதா இது? வண்டிக்குப் பின்னால் ஒரு பெட்டி மாட்ட வேண்டும் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாரிடம்? எனக்கு நானேதான்.

மாலையில் மனைவி இடது கையில் மாவுக்கட்டோடு வந்து நின்றாள். பஸ் படியில் கால் இடறிவிட்டதாம். கூட மகள். வாசலோடு நின்று, "வரேம்ப்பா" என்றாள். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மார்ச் 5, வியாழன்

கையில் கட்டு, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குப் போயே தீருவாளாம்.

"பஸ்ல எப்படிப் போவே?"

"பஸ்ல யார் போறா? நீங்க கொண்டு விடுங்க. வாசலோட திரும்பிடுங்க. உங்களை யாரும் கையைப் பிடிச்சு உள்ள இழுக்கப் போறதில்ல."

இழுத்தாலும் போக மாட்டேன். இரண்டு வருஷம் ஆகிறது. அடுப்பு மங்கலாக எரிகிறது என்று மகள் சொன்னாள். அவர்கள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து முழுக்கப் பிரித்துத் துடைத்து, கிரீஸ் போட்டு மாட்டிக் கொடுத்தேன். நீலமாக நின்று எரிந்தது. மறுநாளே மாப்பிள்ளைத் துரை கம்பெனி ஆளை வரவழைத்து, நான் மாட்டியது அத்தனையையும் கழற்றி மறுபடி மாட்ட வைத்தான். என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. முப்பத்தெட்டு வருஷமாக இந்தத் தொழில். எவனும் சொல்லித் தரவில்லை. பிரித்துப் பார்த்து, கை சுட்டுக்கொண்டு நானே கற்றது. கிடங்கில் மூட்டை எண்ணுகிறவன் அதற்கு மார்க் போடுகிறான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் தண்ணீர்கூடத் தொட்டதில்லை.

மார்ச் 6, வெள்ளி

பெட்டி பார்க்கப் போனேன். அவளும் வந்தாள், கூப்பிடாமலே.

எனக்குப் பிடித்தது தகரப் பெட்டி. சதுரமாக, நீட்டு ஸ்பானர் குறுக்கே படுக்கிற மாதிரி. அவளுக்கு அது ஆகவில்லை. பின்சீட்டில் ஒருபக்கமாக உட்காருகிறவள். வழக்கமாக இடது கையால் பின்கம்பியைப் பிடிப்பாள். அந்தக் கைதான் இப்போது கட்டில் இருக்கிறது. "சாஞ்சுக்க ஏதாவது வேணும். இதுல சாஞ்சா தோள்பட்டை பேந்துடும்." முன்பக்கம் மெத்தை வைத்த பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள், வெண்டைக்காய் வாங்குகிறவள் மாதிரி.

மெத்தை வைத்ததையே வாங்கினேன். அதன் பூட்டு நன்றாக இருந்தது.

கடைக்காரன், "நாங்களே மாட்டித் தரோம் பெரியவரே, காசு வேணாம்" என்றான். வேண்டாம் என்றேன். "அப்ப இந்தத் தாளைப் படிச்சுட்டு மாட்டுங்க" என்று ஒன்றைக் கொடுத்தான். தாள் படித்து நான் எதையும் கற்றதில்லை. கடைவாசலிலேயே போட்டுவிட்டு வந்தேன்.

மார்ச் 7, சனி

கேரியர்மேல் அடித்தட்டு, அதற்கு நாலு போல்ட்டு. அடித்தட்டின்மேல் பெட்டி. இதற்கு ஒரு தாளாம்.

முதலில் மாட்டியபோது தட்டு முன்னால் தள்ளி நின்றுவிட்டது. அவளை உட்கார்த்திப் பார்த்தேன். பெட்டி அவளை என் முதுகோடு சேர்த்து அப்பியது.

"இப்படி ஒட்டிக்கிட்டுப் போற வயசுல எங்கேயும் கூட்டிட்டுப் போகல. இப்ப என்ன புதுசா?"

நான் சிரிக்கவில்லை. கழற்றி, தட்டில் புதிதாகத் துளை போட்டு நாலு விரல் பின்னால் தள்ளினேன். இறுக்கினேன். உலுக்கினேன். வண்டிதான் ஆடியது, பெட்டி ஆடவில்லை. என் கைவேலை.

மார்ச் 8, ஞாயிறு

கருவிகளை எடுத்து வீட்டில் வைத்துவிட்டு, பெட்டி நிறையப் பாத்திரம் அடுக்கினாள். என் பெட்டி!

மகள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு எதிர்ப்பக்க மரத்தடியில் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். மகள் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். கிளம்பும்போதும் அது நிறைந்தபடியே இருந்தது.

மார்ச் 11, புதன்

மூன்று வீடு. பெட்டி சௌகரியம்தான். பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் கடகடவென்று ஒரு சத்தம். உள்ளே ஸ்பானர் உருளுகிறது போலிருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை.

மகள் வீட்டுத் தெருவுக்குள் திரும்பினேன். பின்னாலிருந்து, "என்னங்க, சாஞ்சா பெட்டியும் சேர்ந்து சாயுது" என்றாள். வாசலில் நிறுத்தினேன். அவள் இறங்கினாள். பெட்டி அப்படியே ஒருபக்கமாகத் தலையைத் தொங்கப்போட்டது. குனிந்து பார்த்தேன். இரண்டு நட்டைக் காணோம். மூன்றாவது நுனியில் தொங்குகிறது.

மாப்பிள்ளைத் துரை வெளியே வந்தான். தரையில் முட்டி போட்டுப் பார்த்தான்.

"மாமா, ரெண்டு நட்டு விழுந்திருக்கு."

"தெரியுது. வீட்ல போய்ப் பாத்துக்கிறேன்."

"வீடு வரைக்கும் பெட்டி வரணுமே மாமா."

மகள் சட்டென்று உள்பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்கத்தான்.

நானே இறுக்கியிருப்பேன். ஸ்பானர்? பாத்திரத்துக்கு இடம் வேண்டுமென்று வீட்டில் எடுத்து வைத்தாயிற்றே. பெட்டியில் இருந்ததெல்லாம் மூடி போட்ட நாலு டப்பா. தொழில்காரன் ஒருவன் நடுத்தெருவில் நாலு டப்பாவோடு நிற்கிறான்.

அவன் தன் காரிலிருந்து ஸ்பானர் எடுத்து வந்தான். கடைக்குப் போய் உள்ளே நைலான் வளையம் வைத்த, தானாகக் கழலாத நட்டு நாலு வாங்கி வந்தான். வெயிலில் சட்டை நனைய உட்கார்ந்து, பெட்டியைக் கழற்றி, தட்டுக்கு அடியில் ரப்பர் கொடுத்து மாட்டினான். "பிளாஸ்டிக் தட்டு மாமா, அமுங்கி அமுங்கிக் கொடுக்கும். ரெண்டு நாள் ஓட்டிட்டு மறுபடி ஒருதரம் இறுக்கணும்னு தாள்லயே போட்டிருப்பான்."

நான் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மார்ச் 16, திங்கள்

காலையில் எழுந்து முதல் வேலையாக அந்த நாலு நட்டையும் கழற்றினேன். ரப்பரையும் எடுத்தேன். என் பழைய டப்பாவிலிருந்து போல்ட்டுக்கு இரண்டு நட்டாக, ஒன்றின்மேல் ஒன்று வைத்து முறுக்கினேன். அசையட்டும் பார்க்கலாம்.

அவள் வந்து நின்றாள்.

"நல்லாத்தானே இருந்துச்சு?"

"என் வண்டி. என் கையால இருக்கணும்."

நான் கழற்றிப் போட்ட ரப்பரை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு சொன்னாள்: "மாப்பிள்ளைகிட்ட நான் சொல்ல மாட்டேன். அன்னிக்குக் கம்பெனி ஆள் வந்ததையும் அப்பாகிட்ட சொல்லாதேன்னுதான் ரெண்டு பேரும் சொன்னாங்க. மனசு கஷ்டப்படும்னு. நான்தான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம உங்ககிட்ட வந்து சொல்லிட்டேன்."

"எதுக்குக் கூப்பிட்டாங்களாம்?"

"ராத்திரி கேஸ் வாடை வந்துச்சாம். அப்பக் கைக்குழந்தை இருந்த வீடுங்க."

இதை இரண்டு வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க எங்க கேட்டீங்க?"

மார்ச் 17, செவ்வாய்

அன்று மாட்டி முடித்ததும் கேஸ் கசிகிறதா என்று சோப்பு நுரை தடவிப் பார்த்தேனா? பார்த்தேன். எந்த வீட்டிலும் பார்க்காமல் எழுந்ததில்லை. பார்த்ததாகத்தான் நினைவு.

மார்ச் 19, வியாழன்

வேலை இல்லை. நட்டுகளை ஒருதரம் இறுக்கினேன். இன்னும் கால் சுற்று உள்ளே போனது. வாடை வேறு எங்கிருந்தும்கூட வந்திருக்கலாம். டியூப் பழசாக இருந்திருக்கலாம். நான் டியூபைப் பார்க்கவில்லை. டியூபைப் பார்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

பாத்திரங்களுக்கு நடுவே ஒரு ஸ்பானரைச் சொருகி எடுத்துப் போனேன். தேவைப்படவில்லை.

வாசலில் மாப்பிள்ளை நின்றிருந்தார். அவளை இறக்கிவிட்டு, டப்பாக்களை எடுத்துக் கொடுத்துவிட்டு, பெட்டிக்கு அடியில் குனிந்தார். அவர் போட்ட நட்டு வெள்ளையாகப் பளபளக்கும். அங்கே இருந்தது என் கறுத்த இரட்டை நட்டு. ரப்பரும் இல்லை. பார்த்தார். பார்ப்பதை நானும் பார்த்தேன். நிமிரக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். அந்த முகம் எனக்குத் தெரியும். இரண்டு வருஷமாகக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பெட்டியை இரண்டு கையாலும் உலுக்கினார்.

"கெட்டியா இருக்கு மாமா" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

மகள் வழக்கம்போல டம்ளரைச் சுவர்மேல் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அடுப்பு எப்படி எரியுது?" என்று கேட்டேன்.

நின்றாள். "நல்லா எரியுதுப்பா."

வேறென்ன சொல்வாள்? தண்ணீரைக் குடித்தேன். நல்ல வெயில்.