பெண் இருக்கும் வீட்டுக் கிணறு

ரெட்டியார்சத்திரம்,
12-6-1964

அன்பு மகள் பாக்கியத்துக்குச் சின்னம்மா எழுதிக்கொண்டது. இங்கே உன் அப்பாவும் நானும் மாடு கன்றுகளும் சுகம். டில்லி வெயிலில் நீ தலைவலி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரிதான். அப்பாவின் முழங்கால் வலி பரவாயில்லை, ஆனால் தைலம் தேய்க்க உட்காரச் சொன்னால் கேட்பதில்லை.

உன் கடிதம் போன வாரம் செவ்வாய்க்கிழமை வந்தது. வழக்கம்போல உறையின் மேல் அப்பா பேர்தான். அவர் அதை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்னால் பஸ் நிற்கிற இடத்து டீக்கடையில் உரக்கப் படித்துவிட்டுத்தான் வந்தார். "பூமிக்கடியில எம்புட்டுத் தண்ணி கெடக்கு, எந்தெந்த ஊருக்குக் கரண்டு மோட்டார் தாங்கும்னு எம் மக கணக்குப் போட்டுச் சொன்னாத்தான் சர்க்காருக்கே தெரியும்" என்றாராம். அந்த மகளுக்குப் பின்னமும் தசமமும் சொல்லிக்கொடுத்தது யார் என்று டீக்கடையில் ஒருவரும் கேட்கவில்லை போலிருக்கிறது, அவரும் சொல்லவில்லை.

கைப்பிடியைச் சுற்றினால் பெருக்கல் வகுத்தல் எல்லாம் போட்டுத் தரும் இயந்திரம் ஒன்று உன் மேசைக்கு வந்திருப்பதாக எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்று வெஞ்சனத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன். பொறாமைதான் பாக்கியம், இதற்கு நல்ல பெயர் ஒன்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. என் அக்கா, அதாவது உன்னைப் பெற்ற அம்மா, இறந்தபோது நான் எங்கள் குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கணக்கில் பி.ஏ. முடித்து, மதராஸில் புள்ளியியல் படிக்க இடமும் வாங்கி வைத்திருந்தேன். உனக்குப் பத்து வயது. பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டுமே என்று உன் அப்பாவுக்கே என்னைக் கட்டிவைத்தார்கள். அதில் உன் பிழை ஒன்றும் இல்லை, உன்னை வளர்த்ததில் எனக்குக் குறையும் இல்லை. ஆனாலும் உனக்கு ஒரு நாற்காலி, 'மிஸ்' என்று கூப்பிட ஒரு பியூன், சந்தேகம் வந்தால் விவாதிக்க நாலு பேர் என்று வரிக்கு வரி படிக்கும்போது, என் இலையில் விழ வேண்டியது பக்கத்து இலையில் விழுந்த மாதிரி இருக்கிறது.

நீ கேட்ட காரியத்துக்கு வருகிறேன். பங்குனியில் உங்கள் ஆபீஸ் தம்பி வந்து எழுதிக்கொண்டு போன நம் பக்கத்துக் கிணற்று அளவுகளில், ஒரு கிணற்றில் இருபது அடி தண்ணீரும் வரப்பைத் தாண்டி அடுத்த கிணற்றில் நாலு அடியும் இருக்கிறது என்று நகல் அனுப்பியிருந்தாய். உன் மேலதிகாரி அடியில் பாறை பிளந்து கிடக்கிறது என்று எழுதச் சொல்கிறார், உனக்கு மனசு ஒப்பவில்லை, மாதக் கடைசிக்குள் அறிக்கை போக வேண்டும், போய் அளந்து பாருங்கள் சின்னம்மா என்று எழுதியிருந்தாய். நான் வேற்று மனிதர் முன்னால் நின்று பேசுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். தோட்ட வேலைக்கு வரும் மூக்காயியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, கயிற்றில் அடிக்கொரு முடிச்சுப் போட்டு நுனியில் கல்லைக் கட்டி, ஒரு வாரம் காலையில் கமலை பூட்டுவதற்கு முன்னால் போய் அளந்தேன். மாடு இறைக்க ஆரம்பித்தால் மட்டம் இறங்கிவிடும் அல்லவா. கருப்புசாமி என்னைப் பார்த்துவிட்டு, "ஏந்தாயி, கெணத்துக்குள்ள எதையும் தவற விட்டுட்டியா" என்று கேட்டார். நான் கயிற்று முடிச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். மூக்காயிதான், "ஆமா, உங்க வீட்டுச் சொம்ப இங்கதான் போட்டம், தேடுறோம், செத்த நேரம் தள்ளி நில்லும்" என்றாள்.

கருப்புசாமிக்கு மூன்றும் பையன்கள். அவர் கிணறு பங்குனிக்கு இப்போது இரண்டு அடி இறங்கியிருக்கிறது, கோடைக்கு அது நியாயம். அடுத்த வரப்பில் மலைச்சாமி கிணற்றில் இப்போது நாலே அடி, உன் நகலின்படி பார்த்தால் பதினாறு அடி இறங்கியிருக்க வேண்டும். ஒரு ஜோடி மாடு இரவு பகலாக இறைத்தாலும் அவ்வளவு இறங்காது. நானும் பாறைதானோ என்று நினைத்துக்கொண்டு கயிற்றைச் சுருட்டும்போது, மலைச்சாமி சம்சாரம் சுந்தரம்மாள் என்னிடம் தணிந்த குரலில், "அந்த மாப்ள வீட்டுத் தம்பி திரும்ப வரலையா தாயி" என்று கேட்டாள். யார் அது என்றேன். உங்கள் ஆபீஸ் தம்பியைத்தான் கேட்கிறாள்!

நம் பக்கத்தில் பெண் கேட்டு வருவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் யாரையாவது அனுப்பி, கிணற்றில் தண்ணீர் நிற்கிறதா என்று விசாரித்துவரச் சொல்வது உனக்குத் தெரியும். சலவைச் சட்டை போட்ட ஒரு பையன் வீடு வீடாக வந்து, கிணறு எத்தனை அடி, தோட்டம் எத்தனை ஏக்கர், மாடு எத்தனை ஜோடி என்று கேட்டால் வேறு என்ன நினைப்பார்கள். "பெரியவள விட்டுக் காப்பி குடுக்கச் சொன்னேன். நிமுந்துகூடப் பாக்கல, நல்ல வளப்பு. கயித்தப் போட்டுப் பாக்குறேன்னாரு. ஏந்தம்பி, சம்மந்தம் பேச வந்த எடத்துல எங்க வார்த்த பத்தாதான்னு கேட்டேன். மொகம் செவந்து போயி நாங்க சொன்னதயே எழுதிக்கிட்டாரு" என்றாள் சுந்தரம்மாள். கோடையிலும் இருபது அடி நிற்கும் என்று சொன்னார்களாம்.

வீட்டுக்கு வந்து, ஒவ்வொரு கிணற்றுக்கும் எதிரே அந்த வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் உண்டா இல்லையா என்று குறித்துப் பார்த்தேன். பாறை எங்கேயும் பிளக்கவில்லை பாக்கியம். பெண் இருக்கும் வீடுகளில் மட்டும்தான் தண்ணீர் ஏறியிருக்கிறது. இதைக் கண்டுபிடித்த அந்த நேரம், எழுந்துபோக மனசில்லாமல் பட்டியலை மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். இந்த மாதிரி நேரம் உனக்கு மாதத்துக்கு ஒன்றாவது வாய்க்கும், அதற்குச் சம்பளமும் தருகிறார்கள் என்று நினைத்ததும் மறுபடியும் பழைய எரிச்சல்.

ஒரு கிணறு மட்டும் இந்தக் கணக்குக்குள் வரவில்லை, அது நம்முடையது. நகலில் இருபத்திரண்டு அடி, ஊரிலேயே அதுதான் அதிகம். என் கயிற்றில் ஐந்து அடி. வீட்டில் பெண்ணும் இல்லையே என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஏன், டில்லியில இருந்தா எம் மக இல்லேன்னு ஆயிருமா" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். கோடைக்கு இரண்டு அடி கழித்தாலும், உனக்காக அவர் பதினைந்து அடி பொய் சொல்லியிருக்கிறார். என்னைப் பெண் கேட்டு யாரும் நான் பிறந்த வீட்டுக் கிணற்றைப் பார்க்க வந்ததில்லை. அக்கா இடம் காலியாக இருந்தது, உட்கார வைத்துவிட்டார்கள். எனக்காக யாரும் ஓர் அடிகூடக் கூட்டிச் சொன்னதில்லை.

இந்த உதவிக்கு டில்லியிலிருந்து பட்டுச் சேலை வாங்கி அனுப்புவதாக எழுதியிருக்கிறாய். அறிக்கையின் அடியில் 'உள்ளூர்க் குடும்பப் பெண் ஒருவரின் உதவியுடன் சரிபார்க்கப்பட்டது' என்று ஒரு வரி போடுவதாகவும் எழுதியிருக்கிறாய். சேலை வேண்டாம். அந்த வரியும் வேண்டாம். இத்துடன் வைத்திருப்பது பெண் இல்லாத வீட்டுக் கிணறுகளின் அளவு மட்டும். பெண் இருக்கும் வீட்டுக் கிணறுகளை நான் எடுத்துவைத்திருக்கிறேன். இதை வைத்து அதை ஊகிக்க முடியாது என்பது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். அளந்தவள் பெயர் போட்டு டைப் அடித்த அறிக்கைத் தாளை அனுப்பு. அது வந்த அன்றைக்கே மீதி அளவுகளை நானே திண்டுக்கல் போய்ப் பெரிய தபாலாபீஸில் சேர்க்கிறேன். மாதக் கடைசிக்குள் வந்துவிடும், பயப்படாதே.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை விடாதே. வெயிலில் அலைந்துவிட்டு வந்ததும் பானைத் தண்ணீரைக் குடிக்காதே. கணக்கில் உன் கை என் கையைவிட மேலே போகட்டும், அது போவதைப் பார்த்து நான் பொறாமைப்பட்டுக்கொண்டே இருக்கும்படி நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. பதிலின் உறைமேல் இந்தத் தடவை என் பெயரை எழுது, கீழே உள்ளபடி, அறிக்கையிலும் அப்படியே.

உன் சின்னம்மா,
நா. சொர்ணலட்சுமி, பி.ஏ.