தாயாருக்கு ஆதார்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. காவிரிப் பாலத்தில் நெரிசல். ஸ்கூட்டியில் அரைமணி நேரம். ஆபீஸ் வந்ததும் சென்னையிலிருந்து மெயில்: வியாழக்கிழமை வட்டார மேலாளர் தினகரன் சார் வருகிறார். (இனி தி. முழுப் பெயர் எழுதக்கூடப் பயம்.)

எங்கள் கம்பெனி எங்கோ ஒரு குளிர் நாட்டில் கப்பல்களுக்கு இன்சூரன்ஸ் போட்டுத் தொடங்கியது. பிறகு பேங்க். பிறகு தேசம் தேசமாக. சென்னை ஆபீஸ் சுவரில் உலக வரைபடம், கிளை உள்ள ஊருக்கெல்லாம் சிவப்புக் குண்டூசி. திருச்சி கன்டோன்மென்டுக்கு உண்டு. ஸ்ரீரங்கத்துக்கு இல்லை. ராஜகோபுரம் போகும் வழியில் நான் நடத்தும் இரண்டு அறைக்கு வெறும் "கவுண்டர்" என்றுதான் பெயர். தி. வந்து பார்த்துத் திருப்தியானால் முழுக் கிளை, நான் மேனேஜர். இல்லையென்றால் ஷட்டரை இறக்கிவிட்டுப் பழையபடி கன்டோன்மென்ட்.

ஆள் வராததுதான் பிரச்சினை. "வெளிநாட்டுக் கம்பெனி, நாளைக்கே மூட்டை கட்டிட்டா யாரைப் போய் கேக்கறது?" என்கிறார்கள். வரவழைத்துக் காட்டுகிறேன்.

10, செவ்வாய்

செய்தவை: ஏசி சர்வீஸ். டோக்கன் மெஷினுக்குப் பேப்பர். தண்ணீர் கேன் நான்கு. வாசலுக்குப் புது போர்டு.

போர்டு வாசகம் முழுக்க என் மூளை. "இலவச சேவை. காலை 10 மணி முதல். உள்ளே வரவும்." பக்கத்தில் பெரிய அம்புக்குறி. கணக்கு தொடங்கவோ இன்சூரன்ஸ் பற்றிக் கேட்கவோ கட்டணம் கிடையாது என்று அர்த்தம். இதையெல்லாம் வழக்கமாக வைதேகியிடம் காட்டுவேன். என்னோடு வேலை பார்க்கும் ஒரே ஆள், சித்திரை வீதியில் பிறந்து வளர்ந்தவள். நாத்தனார் வளைகாப்புக்குக் கும்பகோணம் போயிருக்கிறாள், வியாழன்தான் வருவாள். மூன்று வரி எழுத அவள் எதற்கு?

11, புதன்

பத்தடிக்க ஐந்து நிமிஷம். வாசலில் செருப்புக் குவியல். ஒரு பஸ் நிறைய ஆட்கள், வரிசையாக. எல்லோருக்கும் டோக்கன் கொடுத்துத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். ஃபோட்டோ எடுத்து தி.க்கு வாட்ஸப். உடனே பதில்: "பிரமாதம். தலைமையகத்துக்கே அனுப்பிட்டேன்." எனக்குத் தலைகால் புரியவில்லை.

டோக்கன் 17, மன்னார்குடி ருக்மணி அம்மாள். அந்தக் கூட்டத்தை அழைத்து வந்தவர்.

"சேவை எப்பங்க ஆரம்பிக்கும்?"

"ஆரம்பிச்சாச்சும்மா. வரிசையா கூப்பிடுவோம்."

"இதுலயே தாயார் சேவையும் உண்டா?"

"தாராளமா. தாயாரையும் சேர்த்துக்கலாம். அவங்க ஆதார் மட்டும் வேணும்."

"தாயாருக்கு ஆதாரா?"

"இல்லைன்னா ரேஷன் கார்டு."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார். "பெருமாள் எந்தப் பக்கம்மா இருக்கார்?" என்றார்.

வைதேகிக்கு ஃபோன் போட்டேன். "மேடம், ஸ்ரீரங்கத்துல இலவச சேவைன்னா பெருமாளைக் காசில்லாம சேவிக்கற க்யூ. தாயார்னா ரங்கநாயகித் தாயார். உங்களை யாரு போர்டு எழுதச் சொன்னா?"

நான் திருச்சி கே.கே. நகரில் ஞானஸ்நானம் வாங்கி வளர்ந்தவள். ஆற்றைத் தாண்டினால் தமிழ் வேறு என்று யாரும் சொல்லவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. அத்தனை பேரிடமும் மன்னிப்புக் கேட்டு, தெருமுனை வரை போய்க் கோயிலுக்கு வழி காட்டினேன். போர்டைக் கழற்றி உள்ளே வைத்தேன். ஃபோட்டோ போனது போனதுதான்.

12, வியாழன்

இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். வீட்டுக்காரர் பீட்டர் சொல்கிறார்: "கமுக்கமா விட்டுடு. யாருக்குத் தெரியப் போகுது?" பாலம் தாண்டும் வரை அதையே யோசித்தேன். எங்களை நம்புங்க, நம்புங்க என்று ஊரெல்லாம் கேட்கிறேன். பொய் ஃபோட்டோவில் வரும் கிளை எனக்கு வேண்டாம்.

தி. பதினொரு மணிக்கு வந்தார். எல்லா நாற்காலியும் காலி. "எங்கம்மா கூட்டம்?" அவர் உட்காருமுன் சொல்லிவிட்டேன், ஆதார் உட்பட. அவர் முகத்தில் ஈயாடவில்லை. "மேலிடத்துல 'ஸ்ரீரங்கம் மாடல்'னு பேரே வச்சுட்டாங்க. இப்ப நான் என்ன சொல்றது?" வைதேகி ஃபைலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு ருக்மணி அம்மாள். பஸ் கூட்டம் ராத்திரி இங்கேயே தங்கியதாம். கையில் பிரசாதப் பை.

"தாயாரை நல்லா சேவிச்சாச்சும்மா. ஆதார் கேக்கல."

தி. இருமினார். சிரிப்பை மறைக்கிறார் என்று பிறகுதான் புரிந்தது.

அம்மாள் டோக்கனை மேசையில் வைத்தார். "நேத்து என்னைக் கூப்பிடவே இல்லயே. மாசா மாசம் பஸ் எடுத்து ஆளுங்களைக் கூட்டிட்டு வரேன். வழியில யாருக்காவது ஒண்ணுன்னா என்ன பண்றதுன்னு ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் பக்கு பக்குன்னு இருக்கு. அதுக்கு ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"வெளிநாட்டுக் கம்பெனி மாமி, பரவாயில்லையா?" வைதேகி.

"இருக்கட்டுமே. தப்பா வந்தவங்கன்னு தெரிஞ்சும் தெருமுனை வரைக்கும் வந்து வழி காட்டினாங்களே."

பஸ் யாத்திரைக்கு என்ன பாலிசி, யார் யாருக்கு, எத்தனை நாளைக்கு என்று ஒரு மணி நேரம் பேசினோம். தி. நாற்காலியை இழுத்துப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்ததும் சென்னைக்குக் கிளம்பிவிட்டார்.

13, வெள்ளி

மேகமூட்டம். காற்று நன்றாக இருக்கிறது. ருக்மணி அம்மாள் பெயரைச் சொல்லிக்கொண்டு இன்னும் இரண்டு யாத்திரை பஸ்காரர்கள். வாங்க வேண்டியது: மல்லிகை, பீட்டருக்கு இருமல் மருந்து.

3.40க்குச் சென்னை மெயில். இரண்டே வரி. ஒன்று: அடுத்த மாதம் முதல் ஸ்ரீரங்கம் முழுக் கிளை, மேலாளர் ஸ்டெல்லா பீட்டர். இரண்டு: வாசலில் எந்த போர்டு வைத்தாலும் வைதேகியின் கையெழுத்து அவசியம்.

வைதேகி இரண்டாவது வரியை மட்டும் பிரின்ட் எடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டாள்.