ஆபிரிக்காவில் வை முகூர்த்தம்

ஓகஸ்ட் 5, செவ்வாய்
மழை. கிரான்பர்ன் ரயில் தாமதம். ஆய்வுக்கூடத்தில் என் வேலை ஒப்பந்தம் மாதக் கடைசி வெள்ளியோடு முடிகிறது. ஆய்வுக்கூடத் தலைவி சொன்னார்: சமூகத்துக்குப் பயன் என்று காட்ட ஒரு கூட்டம் நடத்தினால், நீட்டிக்கக் கேட்டுப் பார்க்கலாம். என் தமிழ்ச் சமூகம் நோபல் பார்க்கில் இருக்கிறது. பயன் எங்கே என்று தெரியவில்லை.
அங்குள்ள முதியோர் சங்கச் செயலாளர் சிவம் அங்கிளுக்கு என் பேச்சின் தலைப்பை அனுப்பினேன்: ‘ஆபிரிக்காவில் வை நிறமூர்த்தம்’. வை குரோமோசோம் என்றே எழுதியிருக்கலாம். பள்ளிக்கூடத் தமிழ் மீது வீண் பாசம்.
வாங்க வேண்டியவை: பால், இருமல் மருந்து.

ஓகஸ்ட் 8, வெள்ளி
அறிவித்தல் வட்ஸ்அப்பில். ‘ஆபிரிக்காவில் வை முகூர்த்தம்’.
“தம்பி, ஃபோன் உம்மட சொல்லை விடுகுதில்லை. இதுவும் நல்ல சொல்தானே?”
திருத்தச் சொன்னேன். “ஓம் ஓம்” என்றார் அங்கிள். இரண்டு ஓம் என்றால் இல்லை.

ஓகஸ்ட் 10, ஞாயிறு
மண்டபம் நிறைய ஆட்கள். வடைக்காக என்று நினைத்தேன். பலர் கையில் சாதகம்.
நான் சொன்னது: வை நிறமூர்த்தம் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது. மிகப் பழைய கிளைகள் ஆபிரிக்காவில். அங்கே ஒரே நாட்டு ஆண்கள் இருவருக்கிடையே, யாழ்ப்பாணத்தவருக்கும் நோர்வேக்காரருக்கும் இடையில் உள்ளதைவிட அதிக மரபுத் தூரம் இருக்கலாம். நாமெல்லாம் அங்கிருந்து வெளியேறிய சில கொப்புகள்.
முன்னாள் கணித ஆசிரியர் ஒருவர் எழுந்தார்.
“அப்ப ஆபிரிக்கரும் நாங்களும் சொந்தமோ?”
“ஓம் அங்கிள்.”
“அது பரவாயில்லை. ஊரிலை எங்கட ஒழுங்கைக்கு அங்காலை இருந்தவையோடை இல்லைத்தானே?”
கைதட்டல். கேள்விக்கு.
அவர்களோடு இன்னும் கிட்டிய சொந்தம் என்றேன். சிவம் அங்கிள் மைக்கை வாங்கித் தேநீர் அறிவித்தார். வடை எனக்கு வரவில்லை.

ஓகஸ்ட் 12, செவ்வாய்
வெயில், சூடில்லாத வகை. தலைவி கூப்பிட்டார். சங்கத்திலிருந்து முறைப்பாடாம். மனிதர் எல்லோரும் சொந்தம் என்று நான் பேசியது சமூகத்தைப் பிரிக்கிறதாம். நீட்டிப்பு இல்லை. “சோ சொறி” என்றார், கோப்பிக் கோப்பையோடு.
மாலை, குமுதா அன்ரி போனில். ஞாயிறு முன்வரிசையில் மகளின் சாதகத்தோடு இருந்தவர்.
“தம்பி, கடைசிவரைக்கும் மகளின்ர கலியாணத்துக்கு நாள் சொல்லாமப் போட்டீர்.”
அது என் வேலை இல்லை என்றேன்.
“அப்ப என்ன வேலை?”
நாட்காட்டியைப் புரட்டினேன்.
“சும்மா ஒண்டு சொல்லுமன்.”
“மாதக் கடைசி வெள்ளி.”
“அண்டைக்கு என்ன விசேஷம்?”
“எல்லாம் முடியிற நாள், அன்ரி.”
“அப்ப அதிலையே வைப்பம்.”