இரண்டாம் தரம் வாசிக்கக் கூடாது

யூன் 9, திங்கள்

கச்சான் காற்று. காலை எட்டு மணிக்கே முகத்தில் அனல். பயிற்சி இன்றோடு சரி, புதன் முதல் வீடு வீடாக. ஓய்வுபெற்றவர்களின் உடல்நலம், ஞாபகசக்தி பற்றிய ஆய்வு. கேள்வி கேட்கப் பல்கலைக்கழகத்தார் என்னைப் பிடித்ததற்குக் காரணம், வாத்தியார் என்றால் நாயைக் கட்டிவிட்டுக் கதிரை போடுவார்களாம்.

பையில்: வினாத்தாள் 20, பென்சில் 4, ஸ்டொப்வோச், குடை, தண்ணீர்ப் போத்தல்.

கையேட்டில் தடித்த எழுத்தில்: பத்துச் சொற்களை ஒரு தரம் மட்டும் வாசிக்க. கேட்டாலும் இரண்டாம் தரம் வாசிக்கக் கூடாது. முப்பத்து நாலு வருடம் சொல்வதெழுதல் கொடுத்தவனுக்கா இதைப் படிப்பிக்கிறார்கள்!

பின்னேரம் விறாந்தையில் யோகத்தை இருத்திப் பழகிப் பார்த்தேன். என் மனைவி தபாற்கந்தோரில் இருபத்தெட்டு வருடம் இருந்தவள். கையெழுத்தைப் பார்த்தே எந்த வளவுக்கு எந்தப் பிள்ளை எழுதிய கடிதம் என்று சொல்லுவாள். பத்தும் சொல்லப்போகிறாள், பிறகு மற்றவர்களிடம் பீற்றிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

பத்துக்கு இரண்டு. கடிதம், உப்பு.

"போதும் இந்தப் பரீட்ச. தேத்தண்ணி ஊத்தட்டா?" என்று எழும்பிப் போய்விட்டாள். தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

யூன் 10, செவ்வாய்

ஒரு வேலையும் ஓடவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு திரிகிறேன். குற்றப்பத்திரிகை மாதிரி மனதுக்குள் ஒரு பட்டியல்:

தைப்பொங்கலுக்குப் பிறகு கோயில் பஜனைக்குப் போவதில்லை.
ஞாயிறு சுதா அரிசிமா இடித்துத் தரச் சொன்னது. செய்யவில்லை.
எதைச் சொன்னாலும் "ஓம்". அந்த ஓமுக்குப் பிறகு ஒன்றும் நடப்பதில்லை.

சுதா எங்கள் மகள். முன்வீட்டை அவளுக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்துவிட்டு, பின்னால் கட்டிய இரண்டு அறையில் நாங்கள். நடுவில் வேலி கிடையாது. இங்கே தும்மினால் அங்கே கேட்கும். அவளிடம் இதைச் சொல்லுவதா? வாய் வரவில்லை.

இன்னொன்று. நான் ஓய்வுபெற்ற அன்று, பிரியாவிடை மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, அலுமாரிக்குள் உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தவளிடம் ஒன்று சொன்னேன். அந்தக் காலத்தில் அவளுக்குப் பதவி உயர்வோடு திருகோணமலைக்கு மாற்றம் வந்தது. நான்தான் போக விடவில்லை. அது பிழை என்று சொன்னேன். திரும்பாமலே "ஓம்" என்றாள். இரண்டு வருடமாக அந்த ஒரு ஓமில்தான் என் நிம்மதி. அதையும் மறந்துவிட்டாளோ? மறந்தால் நான் மன்னிக்கப்பட்டவனா, இல்லையா?

பயமாக இருக்கிறது. இங்கே மட்டும் எழுதுகிறேன்.

யூன் 11, புதன்

தேற்றாத்தீவு. மூன்று வீடு. முதலாவது பூட்டு. இரண்டாவது ஓய்வுபெற்ற மருத்துவமாது: எட்டுச் சொல், எனக்கு இரண்டு தேத்தண்ணி. மூன்றாவது சாமித்தம்பி அண்ணர், முந்திச் சங்கக்கடை மனேச்சர். வாசிக்கத் தொடங்கி நாலாவது சொல்லில் கையைத் தூக்கி மறித்துவிட்டார்.

"என்ன சேர், முதுகுக்குப் பின்னால நடந்து நடந்து சொல்லுறீங்க? முன்னுக்கு வந்து இரிங்க. வாயப் பாத்தாத்தான் எனக்கு விளங்கும்."

பார்த்தால், அவருடைய கதிரைக்குப் பின்னால் நிற்கிறேன். சொல்வதெழுதல் நடை. வகுப்பில் பிள்ளைகளின் வாங்குகளுக்கு இடையில் நடந்த கால், தன்பாட்டில் போயிருக்கிறது. வெட்கமாகப் போய்விட்டது. முன்னால் இருந்து, வேறு பட்டியல் எடுத்து வாசித்தேன். ஏழு.

"காது இப்பிடியெண்டு வீட்டில தெரியுமா அண்ணர்?"

"அதுகளுக்கு ஏன்? எல்லாத்துக்கும் ஓம் எண்டுருவன். பிரச்சினை முடிஞ்சிது."

திங்கட்கிழமை விறாந்தையிலும் நான் நடந்துகொண்டுதான் வாசித்தேன். பஸ்ஸுக்கு நிற்கவில்லை, ஓட்டோ பிடித்தேன்.

யோகம் குசினி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பின்னால் நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் ஒருக்கா. கீரைதான் பெரிது. முன்னால் போய் நின்றதும், "எப்ப வந்தீங்க?"

கீரைச் சுளகுக்கு எதிரே சப்பாணி கட்டி இருந்து புதுப் பட்டியலை வாசித்தேன். ஒரு தரம்தான். என் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எட்டு! கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், அவள் கண்டுவிட்டாள்.

"அண்டைக்குப் பின்னால நிண்டு என்னவோ முணுமுணுத்தீங்க. காத்துச் சத்தம் வேற. ரெண்டுதான் விழுந்திச்சு."

"ஏன்கா சொல்லல்ல?"

"பஜனையில ஆரோ ஒராள் பிந்திப் பாடுறா எண்டு சிரிச்சாங்க. நான்தான் அந்த ஆள். செவிடி எண்டு பேர் வெக்க முந்தி நிண்டுட்டன்."

வினாத்தாளில் அடுத்த கேள்வி: ஓய்வுக்குப் பிறகு ஒரு நாளில் எத்தனை பேருடன் பேசுகிறீர்கள்? கேட்டேன்.

"உங்களோட மட்டும்தான். அதுலயும் பாதி விளங்கிறல்ல."

இந்தப் புள்ளிகளை ஆய்வுக்குக் கொடுக்க ஏலாது. இங்கே எழுதிவைக்கிறேன்: எட்டு, எட்டு, எட்டு.

யூன் 12, வியாழன்

காலை இரண்டு பேரும் ஆஸ்பத்திரி. காது கிளினிக்குக்கு அடுத்த மாதம் திகதி. வழியில் அவளுக்கு இடப்பக்கம் நடந்தால் பதில் இல்லை, வலப்பக்கம் நடந்தால் உண்டு. இத்தனை வருடம் எந்தப் பக்கம் நடந்தேன் என்று எனக்கே தெரியாது.

அவள் முதுகுக்கும், பேப்பருக்குப் பின்னாலிருந்தும் நான் சொன்னவை எத்தனை! கிணற்று மோட்டர், சுதாவின் பிறந்தநாள், என் நெஞ்செரிவு. எல்லாம் காற்றுக்குச் சொன்ன கதை.

சோறு போடும்போது முகத்துக்கு நேரே கேட்டேன்.

"நான் பென்சன் எடுத்த அண்டு, நீ உடுப்பு அடுக்கக்குள்ள ஒண்டு சொன்னனே?"

"என்னத்த?"

பிறகு சொல்லுகிறேன் என்று கையைக் கழுவிவிட்டு எழும்பிவிட்டேன். கோழை.

யூன் 13, வெள்ளி

காற்று குறையவில்லை. முன்வீட்டில் சுதா தேங்காய் திருவுகிற சத்தம். அவள் வேலைக்குப் போகட்டும் என்று பார்த்தேன், இன்றைக்கு லீவாம். சரி, கேட்டால் கேட்கட்டும்.

கதிரையை இழுத்து யோகத்துக்கு முன்னால் போட்டேன். முழங்காலோடு முழங்கால். வகுப்புக் குரலில்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"உன்னத் திருகோணமலைக்குப் போக விடாம மறிச்சது என்ட பிழை. பிள்ளையச் சாட்டினன். அது பொய். நீ என்ன விடப் பெரிய ஆளாப் போயிருவாய் எண்டு பயம். அதான்."

முன்வீட்டில் திருவலைச் சத்தம் நின்றது.

யோகம் என் வாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் பேசி முடித்த பிறகும்.

"விளங்கிச்சா?"

"ஒரு சொல்லும் விடல்ல."

சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். கதிரையை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்தாள்.

"இன்னொருக்காச் சொல்லுங்க."

சொன்னேன்.