லெவல் சூடு

அண்ணா,

மாரிகுப்பத்தில் ரயில் ஏறும்போது நிரப்பிக்கொள்ளும் தண்ணீர் பாட்டில், பங்காருப்பேட்டை வருவதற்குள் காலியாகிவிடுகிறது. ஒரு மாதமாக இப்படித்தான். போன வாரம் என் மனைவி கேட்டேவிட்டாள்: "இன்னாங்க, இவ்ளோ தண்ணி குடிக்கிறீங்க?"

"கூட்டத்துல நசுங்கிக்கினு பெங்களூர் வரைக்கும் வந்து பாரு. ரயில் சூடு அப்படி" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அது நீ பேசுகிற பேச்சு.

தங்கச் சுரங்கத்தில் நீ ஷிப்டு முடிந்து வருகிற நேரத்துக்கு அண்ணி குடத்தைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிடுவாள். மைன்ஸ் ஆட்கள் குடியிருந்த நம் லைனில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். பூமிக்குள் ஆழத்தில், அடி லெவலில் பாறையே கொதிக்கும். மேலே வந்தவன் செம்பு செம்பாகக் குடிப்பதை யார் தப்பாக நினைக்கப் போகிறார்கள்? "கிணத்தையே குடிச்சிடுவ போல" என்று நான் கிண்டல் செய்வேன். "நீ ஒருநாள் கேஜ் லிப்ட்ல கீழ எறங்கி வந்து பாருடா. லெவல் சூடு ஆளையே உருக்கிடும்" என்பாய். அந்த அலுப்புக்குத்தான் சாராயப் பாக்கெட். பல்லால் முனையைக் கிழித்து ஒன்று, கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. நீ இளைத்துப்போனாய், லெவல் சூடு என்றோம். அடிக்கடி ஒன்றுக்குப் போனாய். அதற்கும் சூடு என்றோம். பாவம், எல்லாப் பழியையும் அதன் தலையிலேயே போட்டோம்.

2001இல் மைன்ஸை மூடினார்கள். நீ வீட்டோடு உட்கார்ந்துவிட்டாய், தாகம் மட்டும் ஓயவில்லை. ஒருநாள் செம்பை நீட்டிய அண்ணி சட்டென்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "கேஜ்ல எறங்கி மாசக்கணக்கா ஆச்சு. இன்னும் இன்னா தாகம் உங்களுக்கு?" நீ அவளைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். மறுநாளே உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம்.

ரத்தம் பார்த்த டாக்டர், சர்க்கரை எக்கச்சக்கமாக இருக்கிறது என்றார். வருஷக்கணக்காக இப்படிச் சாராயம் குடித்தால் கணையமும் ஈரலும் கெடும், சர்க்கரை நோய் வருகிற ஆபத்தும் கூடும், முதலில் அதை விடுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டார். நீ டீயில் சர்க்கரையை விட்டாய், பாக்கெட்டை விடவில்லை. "அது கசக்குதுடா. கசக்குறதுல எங்கடா சக்கரை இருக்கும்?" என்று என்னையே மடக்கினாய்.

ஒரு சாயங்காலம் சாராயக் கடையிலிருந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தாய். வாசலிலிருந்து கட்டில் வரை சிமெண்டுத் தரையில் ரத்தம் தோய்ந்த கால்தடம். "அய்யய்யோ, யாருக்குடா அடிபட்டுச்சு?" என்று பதறியதும் நீதான். உன் உள்ளங்காலில் பாட்டில் துண்டு ஏறியிருந்தது. சர்க்கரையில் கால் மரத்துப்போய், உனக்கு அது தெரியவே இல்லை. அதை நான் பிடுங்கியபோதும் நீ முகம் சுளிக்கவில்லை. அன்றைக்குப் பயந்ததுபோல நான் என்றைக்கும் பயந்ததில்லை, அண்ணா. அந்தப் புண் ஆறவே இல்லை. முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை. அதற்கப்புறம் நீ அதிக நாள் இருக்கவில்லை.

எனக்கும் உன் ரத்தம்தானே. இப்போது அந்தப் பாக்கெட் இல்லை. பெங்களூரில் வேலை முடிந்ததும் கூட்டாளிகளோடு பிராந்தி பாட்டில். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை, ரயிலுக்குப் போகவில்லை. காலையில் எழுந்ததிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறேன். "இன்னிக்கு எந்த ரயில்ல போனீங்க?" என்று மனைவி மெதுவாகக் கேட்டாள். கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தேன். நாளைக் காலை வெறும் வயிற்றோடு போய், சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் கொடுக்கப் போகிறேன். அவளும் கூட வருகிறாள்.

நீ போன நாளிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். வீட்டுக்குள் வந்ததும் திரும்பி, நடந்து வந்த தரையைப் பார்ப்பேன். இன்றும் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். தரை சுத்தமாகத்தான் இருந்தது. அப்படியும் மனசு கேட்காமல் காலைத் தூக்கி, உள்ளங்காலில் நகத்தால் அழுத்திக் கிள்ளினேன்.

வலித்தது, அண்ணா. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.