வசந்தியின் போனும் ஆறு கேபிள்களும்

திங்கள், 6
விடியவே புழுக்கம். துறைமுகப் பக்கமிருந்து சொட்டுக் காற்றில்லை. குவைத்தில் வீட்டு வேலை செய்யும் மச்சாள் ராதா, என் மனைவி வசந்தியின் தங்கச்சி, வசந்தியின் வட்சப்பில் வீடியோ அனுப்பியிருந்தாள். வசந்தி குசினியில், கை முழுக்க மா. "நான் போட்டுக் காட்டட்டே?" என்று போனைத் தூக்கினவன் நான்தான். குவைத் முதலாளி மாதிரி நடந்து காட்டப்போய், போன் சீமெந்தில். திரை கறுப்பு. ஐம்பத்திரண்டு வயதில் கோமாளிக் கூத்து.
என் போனில் ராதாவுக்கு எடுத்தால், அவளின் போன் ஓஃப். பின்னேரமும் ஓஃப். வீடியோ அனுப்புகிற பழக்கம் இல்லாதவள்.

செவ்வாய், 7
போன் திருத்துகிறவர்: புதுத் திரை கொழும்பிலிருந்து வரவேணும், பத்து நாள். "தொட்டால் வேலை செய்யுது அண்ணை, படம்தான் இல்லை. இந்த மொடலை டைப்-சி கேபிளால மொனிட்டரில கொழுவலாம்."
ஒபிஸ் மொனிட்டரைத் துவாயால் சுற்றி ஓட்டோவில் கொண்டுவந்தனான். களவு இல்லை, இரவல். ஒருவருக்கும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.
கொழுவிப் பார்த்தவை:
– சார்ஜர் கேபிள். படம் இல்லை.
– கடையில் வாங்கியது, மலைப்பாம்பு மொத்தம். "லப்டொப்பே சார்ஜ் ஏறும் அண்ணை." ஏறும். படம் இல்லை.
– பக்கத்து வீட்டு ரீச்சரின் பிஸ்கட் டின்னிலிருந்து மூன்று, கட்டாரில் வேலை செய்யும் மகன் கொண்டுவந்தவை. "எல்லாம் நல்ல கேபிள், சார்ஜ் ஏத்திப் பார்த்துத்தான் வைச்சனான்." இல்லை, இல்லை, இல்லை.
வசந்தி: "அவளுக்கு ஏதும் நடந்திருக்குமோ?" பகிடி ஒன்று சொன்னேன். எடுபடவில்லை.

புதன், 8
ஒபிஸ் கொம்பியூட்டர்ப் பிள்ளை நிரோசா சிரித்தாள். "அங்கிள், வாய் எல்லாத்துக்கும் ஒண்டுதான், உள்ளுக்குக் கம்பி வேற. சிலதில சார்ஜ் மட்டும். சிலதில டேட்டாவும் போகும், மெதுவா. படம் போக இன்னும் கம்பி வேணும். தலையில இருபது, நாப்பது எண்டு வேகம் போட்டிருக்கோ பாருங்கோ. அநேகமா நீளம் குறைஞ்சு கட்டையா இருக்கும்."
"அப்ப தடிப்பு?"
"தடிப்பு கரண்டுக்கு."
தேத்தண்ணிக் கடை, கோயில் வாசல், நிலாவெளி பஸ், எல்லா இடமும் விசாரித்தேன். கதையைச் சொல்லாமல் கேபிளை மட்டும் கேட்க எனக்கு ஏலாது. பின்னேரம் உப்புவெளி ரஞ்சன் தானே தேடி வந்தான். ராதாவைக் குவைத்துக்கு அனுப்பின ஏஜென்சிக்காரரின் தம்பி. "என்னட்ட இருக்கு அண்ணை, நாளைக்குக் கொண்டு வாறன். ராதாவின்ர விசயம் எங்களுக்கும் அறியோணும்."
நல்ல பிள்ளை.

வியாழன், 9
மழை இருட்டு. ரஞ்சன் பைக்கில் வந்தான். ஒரு முழக் கேபிள், தலையில் 40. ரீச்சரும் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா. கொழுவினதும் படம். வசந்தி கறுப்புத் திரையில் பழக்கத்துக்கு விரலால் கோடு இழுத்தாள். மொனிட்டரில் பூட்டுத் திறந்தது, வீடியோ ஓடியது.
ராதா. உதடு வீங்கி.
"அக்கா, அந்த வீட்டை விட்டு வெளிக்கிட்டிட்டன். இனி அடி வாங்க ஏலாது. என்ர சிநேகிதி சாலினியின்ர அறையில நிக்கிறன், அவள் வேலை செய்யிற சலூனுக்கு மேல. போனை ஓஃப் பண்ணுறன். ஏஜென்சிக்குத் தெரிஞ்சால் திருப்பி அங்கயே விட்டிடுவினம். அத்தானுக்குச் சொல்லாதேங்கோ. அவருக்கு வாய் நிக்காது."
வசந்தி என் பக்கம் திரும்பவே இல்லை.
ரஞ்சன் கேபிளைக் கழற்றிச் சுருட்டிப் பொக்கற்றுக்குள் வைத்தான். "தேத்தண்ணி வேண்டாம் அக்கா."
படலை வரைக்கும் பின்னால் போனேன். "தம்பி, இது வீட்டுக் கதை..."
"ஓம் அண்ணை."
அவன் வீடு இருக்கிற உப்புவெளி வடக்கே. பைக் தெற்கே திரும்பியது, தமையனின் ஏஜென்சி ஒபிஸ் பக்கம்.